பட்டாளத்துக் கிளாரினெட்

மதலைமுத்து இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்து, நீலசந்திராவிலிருந்த அவர் வீட்டில் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு கதை சொன்னார்கள். கண்டோன்மென்ட்டில் அவர் கிளாரினெட் ஊதாத கல்யாணம் உண்டா என்றார் ஒருவர். மூன்று பெண்களுக்கும் அவரே தலைபின்னிப் பள்ளிக்கு அனுப்பியதைச் சொல்லிச் சிரித்தாள் அவர் தங்கை டோரீன்.

மனைவி ஜோசஃபினுக்கு வேறொன்று நினைவில் ஓடியது. 1916இல் அவர் பட்டாளம் சண்டைக்காகப் பஸ்ராவுக்குக் கப்பலேறியபோது அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. அங்கே பேண்டுக்காரர்கள் கையில் ஸ்ட்ரெச்சரைக் கொடுத்துவிட்டார்கள். அடிபட்டவர்களைத் தூக்கி வருவதுதான் வேலை. மூன்று வருஷம் கழித்துத் திரும்பியவர் கிளாரினெட் பெட்டியைப் பரணில் போட்டார். கேட்டால், "விடு ஜோசி, காதுல இன்னும் சத்தம் ஓயல" என்பார்.

ஐந்து வயதில் மகள் பியாட்ரிஸ்தான் அதைக் கண்டுபிடித்தாள். பூனை வாலை மிதித்த மாதிரி ஒரு வாரம் ஊதித் தள்ளினாள். எட்டாம் நாள் மதலைமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "அய்யய்ய, இப்படியா ஊதுறது? குடு இங்க." அன்று விளக்கேற்றும்வரை ஊதினார். ஜோசஃபின் அடுப்படியில் நின்று அழுததில் குழம்பு அடிப்பிடித்தது.

அந்த நினைப்பில் இருந்தவளை வாசலில் ஒரு குரல் கலைத்தது. ஒற்றைக் காலோடு, கட்டையை ஊன்றிக்கொண்டு ஒருவர் நின்றார்.

"ஊரு அத்திபெலேம்மா. பேரு வெங்கடப்பா. முத்தண்ணா போயிட்டாருன்னு சந்தையில சொன்னாங்க. பஸ்ராவுல இந்தக் கால் போனப்ப என்னைத் தூக்கினு வந்தவரு அவருதான்."

பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெண்டு மைலும்மா. நான் கத்தினே இருந்தேன், அவரு பாடினே வந்தாரு. 'கண்ணே பேட்ரி, கண்ணுறங்கு பேட்ரி'ன்னு. பீரங்கிப் படைய பேட்டரின்னுதானே சொல்வாங்க? இந்த ஆளு ஏன்டா பீரங்கியத் தூங்கச் சொல்றாருன்னு, அந்த வலியிலயும் எனக்குச் சிரிப்பு வந்துட்ச்சு!"

யாரோ சிரித்தார்கள். ஜோசஃபின் சிரிக்கவில்லை. பெண் பிறந்ததையும் பியாட்ரிஸ் என்று ஞானஸ்நானம் கொடுத்ததையும் பேட்ரி என்று கூப்பிடுவதையும் அவள் கடிதத்தில்தான் எழுதியிருந்தாள். முகம் பார்க்காத பிள்ளைக்கு அந்த மனிதர் தாலாட்டுப் பாடியிருக்கிறார். இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பரிமாறிக்கொண்டிருந்த பியாட்ரிஸ் கரண்டியோடு நின்றுவிட்டாள். "அது பீரங்கி இல்லீங்க," என்றாள். "நான்தான்."

வெங்கடப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். தன்னையறியாமல் கன்னடம் வந்துவிட்டது. "ஹௌதா தாயி! நீதானா அது?"

"மீதிப் பாட்டு ஞாபகம் இருக்கா?"

"இன்னும் ரெண்டு வரி வரும்."

"முதல்ல சாப்பிடுங்க," என்று ஜோசஃபின் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். தன் கையால் பரிமாறினாள். அவர் நிதானமாகச் சாப்பிட்டு, கை கழுவி, தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார். சுருதி எங்கோ போயிற்று. ஜோசஃபின் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.