பழைய காய்ச்சலின் கோடு

கல்முனைச் சந்தை வீதியிலிருந்த அந்த இரத்தப் பரிசோதனை நிலையத்தின் வாங்கில் றம்ஸியா குந்தியிருந்தாள். வாயில் நபிமேல் ஸலவாத்து, மனதில் குற்றம். வெள்ளிக்கிழமை அவள் புருசன் நளீமுக்கு ஜித்தாவுக்கு விமானம். லீவு முடிய இன்னும் ஒன்பது நாள் கிடக்க, கம்பனி கூப்பிடுகிறது என்று மனுசன் காலில் சுடுதண்ணீர் ஊற்றின மாதிரி அவசரப்பட்டான். "யா அல்லாஹ், ஏதாவதொரு தடையைப் போடு" என்று தொழுகைப் பாயில் கையேந்தியவள் இவள்தான். தடை வந்தது, அவனுக்கு ஐந்து நாளாய் விடாத காய்ச்சலாக. கேட்கிறவள் என்ன தடை என்று விளப்பமாய்க் கேட்டிருக்க வேண்டாமா, மூளை கெட்டவளே!

அவன் அவசரம் அவளைச் சுட்டதற்குக் காரணம் இருந்தது. போன வருச நோன்பில் ஒன்பது நாள் அவனிடமிருந்து ஒரு சத்தமில்லை. பத்தாம் நாள் எடுத்து, "போன் உடஞ்சி போச்சு புள்ள" என்றான். அறையில் ஆறு பேர், ஆளுக்கொரு போன். யாருக்குக் காது குத்துகிறான்? அங்கே எவளோ இருக்கிறாள் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். இரண்டு வருசம் இந்த மனுசனுக்காக ஏங்கி ஏங்கிக் கிடந்தவள், அவன் வந்து ஒரு மாதமாகியும் "சோறு போடவா?" என்பதற்கு மேலே கதைக்கவில்லை. ஏக்கம் மட்டும் குறைந்தபாடில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேதீஸ்வரி கூப்பிட்டாள். அங்கே வருசக்கணக்காய் இரத்தம் சோதிக்கிறவள். கையில் விரலளவு வெள்ளை அட்டை, அதில் சிவப்புக் கோடுகள்.

"தங்கச்சி, டெங்குதான். இந்தக் கோடு இப்ப வந்த காய்ச்சலுக்கு. இந்தா, இது நல்ல கடும் சிவப்பா இரிக்கி, பாருங்க. முந்தி வந்த காய்ச்சலுக்கு உடம்பு செஞ்சு வெச்ச எதிர்ப்பு இது. இவருக்கு முதல்லயும் ஒருக்கா டெங்கு வந்திரிக்கி போல. எப்ப வந்த?"

"வரவேயில்லையே! எங்கட மாமிட மகன்தான் அவர், சின்னதிலயிருந்தே எனக்குத் தெரியும்."

"அப்ப வேற எங்கயும் இரிக்கக்க வந்திரிக்கும். ரெண்டாந்தரமெண்டா கவனம் தங்கச்சி. நேர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

வெளியே ஆட்டோவுக்குள் நளீம் போர்வையால் மூடிக்கொண்டு சாய்ந்திருந்தான். றம்ஸியா பக்கத்தில் ஏறினாள்.

"மச்சான், அங்க ஒங்களுக்கு டெங்கு வந்தயா?"

கண்ணைத் திறந்தான். "ஆரு சொன்ன?"

"ஒங்கட ரெத்தம் சொல்லுது."

ஆட்டோ பள்ளியைத் தாண்டியபோது அவன் போர்வையை விலக்கினான். பிறகு, "நோன்புல" என்றான். "ஒம்பது நாள் கிடந்தன். கதைச்சா, நீ குரல்லயே கண்டுபிடிச்சிருவாய். அந்த ஒம்பது நாளையும் கம்பனிக்காரன் இப்ப லீவுல கழிச்சிட்டான். அதான் முந்திப் போகோணும்."

"ஏன் சொல்லல்ல?"

"சொன்னா என்ன செய்வாய்? கடல நீந்தி வருவாயா?"

"வந்திருப்பன்" என்றாள், ஆத்திரமும் அழுகையுமாய். "ஆரு பாத்த ஒங்கள?"

"ஒருத்தருமில்ல. கூட்டாளிமாருக்கு வேலை. தாகமெண்டா அப்பிடித் தாகம் புள்ள. மேசையில தண்ணி இரிக்கும். கை எட்டாது."

இல்லாத ஒருத்திக்கு அந்த ஒன்பது நாளை வைத்து அவள் இங்கே மூக்கும் முழியும் வைத்துக்கொண்டிருந்தாள். பாவி! வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆட்டோக்காரர் பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்து, ஊசி ஏறியபோது பின்னேரம் மூன்று மணி. தாதி ஒரு தாளையும் அளவுக் கோப்பையையும் கொடுத்தாள். "மணிக்கு ஒருக்கா இந்தக் குறி வரைக்கும்தான் தண்ணி. கூடினாலும் ஆபத்து, கொறஞ்சாலும் ஆபத்து. குடுக்கிறதெல்லாம் எழுதி வைங்க."

மூன்று மணிக்குரியதை அவன் ஒரே மிடறாய்க் குடித்தான். அரை மணி போயிருக்கும்.

"தண்ணி தா புள்ள."

"நாலு மணிக்கு மச்சான்."

"நாக்கு ஒட்டுது."

"தெரியும். இஞ்சதான் இரிக்கன்."

அவள் கோப்பையைக் குறி வரைக்கும் நிரப்பினாள். மேசையில் வைக்க மனம் வரவில்லை. இரண்டு கையாலும் மடியில் பிடித்தபடி, சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு இன்னும் இருபத்தாறு நிமிசம் இருந்தது.