கடைசிக் காட்சியில் என் ராஜினாமா

எங்கள் ராக் குழுவிலிருந்து நான் எத்தனை முறை விலகியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் மனதார விலகினேன். ஒவ்வொரு முறையும் அடுத்த வாரமே டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என் மனம் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். என் ராஜினாமாவை ஒரு பயலும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

போட்டுக்கொள்ளக் காது இருந்தால்தானே? முப்பது வருஷமாக ஆளுயர ஸ்பீக்கர்களுக்கு நடுவே நின்றவர்கள். கச்சேரி முடிந்ததும் நான் குச்சிகளை வீசி எறிந்துவிட்டு, "இன்னையோட சரி! வேற ஆளப் பாத்துக்கோங்க!" என்று கத்துவேன். பாடகன் வெந்நீரில் வாய் கொப்பளித்துக்கொண்டிருப்பான். அவனை நாங்கள் தொண்டை என்றுதான் கூப்பிடுவோம். கிட்டார் வாசிக்கும் கம்பி, ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருப்பான். பேஸ் கிட்டார் வாசிக்கிற நெட்டை மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பான். அவன் சாதாரண நாளிலேயே வாயைத் திறக்கமாட்டான், நான் கத்தும்போதா திறக்கப்போகிறான்? பிறகு யாராவது ஒருவன் வண்டியைக் கிளப்புவான். நானும் வெட்கம் கெட்டுப்போய் அதிலேயே ஏறி வருவேன்.

அப்படியிருக்கும்போதுதான் எங்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறேன் என்று ஒரு பெண் வந்தாள். நல்ல துறுதுறுப்பு. எங்கள் வீட்டுப் பரண்களில் கிடந்த பழைய வீடியோ கேசட்டுகளை எல்லாம் தூசி தட்டி அள்ளிக்கொண்டு போனாள். ஒரு நாள் என்னைப் பேட்டி எடுக்க, நான் பயிற்சி செய்கிற அறைக்குக் கேமராவோடு வந்தாள். பக்கத்து வீட்டாருக்காகச் சுவரெல்லாம் பழைய மெத்தைகள் அடித்த அறை அது. அங்கே உட்கார்ந்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, நிதானமாகச் சொன்னேன்: மணிக்கட்டு வலி தாங்க முடியவில்லை. நான் விலகிக்கொள்கிறேன்.

"நிஜமாவா சார்?"

"நிஜம்மா. படத்துல இதக் கடைசியா வை."

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"படத்துல பாத்துத் தெரிஞ்சுக்கட்டும். அப்பவாவது காது கேக்குதான்னு பாப்போம்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வலி நிஜம்தான், ஆனால் வலி மட்டும் காரணமில்லை. பின்னால் உட்கார்ந்து வாசிக்கிறவனுக்கு முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும். நான் இல்லை என்று தெரிகிற நேரத்தில் அந்த மூன்று பேரின் முகத்தையும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று இருந்தது. அதில் ஒரு துளி வருத்தம் தெரிந்தால்கூடப் போதும். எதுவும் தெரியாவிட்டால், நான் போனது சரிதான் என்று வீட்டில் நிம்மதியாகக் கிடக்கலாம்.

படத்தை எங்களுக்கு முதலில் போட்டுக் காட்டுகிற நாள் வந்தது. ஒலிப்பதிவு ஸ்டூடியோவின் மாடியில் சின்ன அரங்கம், கம்பளம் விரித்த தரை, பத்திருபது நாற்காலிகள். என்னை மேலும் கீழும் பார்த்த மனைவி, "மாப்பிள்ளை மாதிரி கிளம்பியிருக்கீங்களே, என்ன விசேஷம்?" என்றாள். நான் வரிசையின் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து மூன்று மூஞ்சிகளும் நன்றாகத் தெரிந்தன.

விளக்கு அணைந்தது. எங்கள் பழைய தலைமுடியைப் பார்த்தே பாதிப் பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தொண்டை அந்தக் காலத்தில் போட்ட கால்சட்டையில் இன்னொரு ஆள் குடியிருக்கலாம். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், திரையில் நான் வரும்வரை.

ஒல்லியாக ஒருவன் குச்சிகளை வீசி, "இன்னையோட சரி!" என்று கத்தினான். அடுத்து வேறு ஊர், வேறு சட்டை, கொஞ்சம் தொப்பை, "இன்னையோட சரி!" அடுத்து மழை, கூடாரம், "வேற ஆளப் பாத்துக்கோங்க!" முடி கொட்டியது, தொப்பை வளர்ந்தது, ராஜினாமா மட்டும் அப்படியே இருந்தது. அந்தப் பெண் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து வரிசையாகக் கோத்து வைத்திருந்தாள். அரங்கமே அதிர்ந்தது. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம் திரையில் நெட்டை வந்தான். இயக்குநரின் குரல் கேட்டது: "அவர் விலகுறேன்னு கத்துறப்ப நீங்க யாருமே ஒரு வார்த்தை பதில் சொல்றதில்லையே, ஏன் சார்?"

நெட்டை கேமராவை நிமிர்ந்து பார்த்தான். பிறகு பேசினான்.

"அவன் கத்தினா அன்னைக்குக் கச்சேரி நல்லா வந்திருக்குன்னு அர்த்தம்மா. உயிரக் குடுத்து வாசிச்சிருப்பான். உடம்புல வேற ஒண்ணும் மிச்சம் இருக்காது, கோவம் மட்டும்தான் இருக்கும். அதக் கேட்டப்புறம்தான் நாங்க வண்டிய எடுப்போம்."

திரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கம்பி குறுக்கே புகுந்தான். "ஒரு தடவ கத்தல. நடுப்பாட்டுல தாளம் தவறிப்போச்சு. பேசாம இறங்கிப் போயிட்டான். அன்னைக்கு நாங்க மூணு பேரும் தூங்கல. விடிஞ்சதும் அவன் வீட்டுக்குப் போயிட்டோம். என்ன சொல்றதுன்னு தெரியல. தொண்டை ஏணி கேட்டான்."

எனக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. வாசலில் மூன்று பேர். ஒருவனுக்கு ஏணி வேண்டுமாம். ஒருவன் எங்கள் வாஷிங் மெஷின் சத்தம் போடுகிறதா என்று விசாரித்தான். நெட்டை, "சும்மா வந்தேன்" என்றான். அறிவு கெட்டவர்களா, ஞாயிற்றுக்கிழமை தூங்கவிடமாட்டீர்களா என்று நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டத் திட்ட அவர்கள் முகம் மலர்ந்தது. அன்றைக்கு எனக்கு ஏன் என்று புரியவில்லை.

"இது உங்களுக்கு இப்பத்தான் தெரியுமா?" என்று மனைவி காதில் கேட்டாள்.

நான் தலையை ஆட்டினேன். அப்போதுதான் உறைத்தது. கடைசிக் காட்சி இன்னும் வரவில்லையே! அந்தப் பெண் மறந்திருக்க வேண்டும், புரொஜெக்டர் கெட்டுப்போக வேண்டும், கரண்டாவது போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மெத்தை அடித்த சுவருக்கு முன்னால், யானை அளவுக்கு என் முகம் வந்தது. "நான் விலகிக்கிறேன்" என்றது. திரை இருண்டது.

நான் மூன்று பேரையும் பார்த்தேன்.

"அப்பாடா!" என்றான் தொண்டை. கம்பி விசிலடித்தான். நெட்டை என் மனைவியைத் தாண்டி நீளக் கையை நீட்டி என் முழங்காலைத் தட்டினான். "படம் நல்லா வந்திருக்குடா."

"டேய், இது நிஜம்டா! மணிக்கட்டு வலி உயிர் போகுது!" என்று எழுந்து நின்று கத்தினேன். அவர்களுக்கு இன்னும் சந்தோஷம். அரங்கமே கை தட்டியது.

"யாரு உன்ன அந்த அடி அடிக்கச் சொன்னா?" என்றான் தொண்டை. "மெதுவா அடி. நானும் கீழ் சுருதில பாடிட்டுப் போறேன்."

"எனக்கும் விரல் வலிக்குது," என்றான் கம்பி. "வெக்கப்பட்டுட்டு யார்கிட்டயும் சொல்லல."

நெட்டை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. பிறகு மெல்ல, "வெள்ளிக்கிழமை காலைல ஆறு மணிக்கு வண்டி," என்றான்.

"ஆறு மணிக்கெல்லாம் எவன்டா எந்திரிப்பான்?" என்று கத்தினேன். "ஆறரைக்கு வாங்க!"