கீழ்க்குரல்

அத்தான் இத்தெல் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார். அக்கா எலினெட் அவருக்கு முதுகைக் காட்டி, கழுவிய கோப்பையை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

“நெஸ்ட், உங்கக்காகிட்ட கேளு. இன்னைக்குப் பாட வர்றாளான்னு.”

“அக்கா, அத்தான் கேக்…”

“எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப பதில் சொல்லு” என்றேன்.

“சர்ச்சுக்கு வர்றேன்னு சொல்லு அவர்கிட்ட. பாடறதைப் பத்திப் பேச வேணாம்னும் சொல்லு.”

அத்தான் தலையசைத்தார், என்னைப் பார்த்து.

மார்ச்சிலிருந்து இப்படித்தான். அந்த மாதம் ஒருநாள் மலைச்சரிவெல்லாம் உறைபனி. பனி உருகட்டும் என்றாள் அக்கா. ஆடுகள் பட்டினி கிடக்கின்றன என்றார் அத்தான். டெயன் நாலு சக்கர மோட்டார் வண்டியில் வைக்கோல் கட்டை ஏற்றிக்கொண்டு போனான். பாதி மலையில் வண்டி அவன்மேல் புரண்டது. அவர்களுடைய ஒரே மகன். அடக்கம் முடிந்த பிறகு அக்கா அத்தானிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் வரும் நாட்களில் இருவர் பேச்சையும் சுமப்பது நான்தான்.

ஜனவரியில் ப்ளகைன் வரும், குடும்பம் குடும்பமாக எழுந்து பாடும் சர்ச் ஆராதனை. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தமாகக் கிறிஸ்து பிறப்புப் பாட்டு உண்டு. ஒரு வீட்டுப் பாட்டை இன்னொரு வீடு பாடாது. இவர்கள் பாட்டு அத்தானின் தாத்தா காலத்தது. மூன்று குரல். அக்கா மேல்குரல், டெயன் நடுக்குரல், அத்தான் கீழ்க்குரல்.

சர்ச் வாசலில் டெக்வின் நின்றிருந்தார். ஒவ்வொரு வருடமும் அத்தானைச் சீண்டுகிறவர்.

“வாடா இத்தெல். தொண்டையில இன்னும் அந்தக் கிழட்டுக் கடாதான் குடியிருக்கா?”

“இருக்கு. உன் பாட்டைக் கேட்டாத்தான் ஓடும்.”

டெக்வின் சிரித்தார். வழக்கம்போல அத்தானின் தோளுக்குப் பின்னால் பார்த்தார். டெயன் நிற்கிற இடத்தில் யாரும் இல்லை. சிரிப்பு நின்றது. தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

ப்ளகைனில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. ஒரு குடும்பம் பாடி முடித்து உட்காரும். இன்னொன்று எழுந்து முன்னால் போகும். கைதட்டல் கிடையாது. டெக்வினும் அவர் மகள்களும் பாடி உட்கார்ந்தார்கள். வழக்கமாக அடுத்தது இவர்கள்தான். வேறு யாரும் எழவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள்.

அத்தான் எழுந்தார். அக்காவைப் பார்த்தார். அவள் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தனியாக முன்னால் போனார். சட்டைப் பையிலிருந்து சுருதி பிடிக்கும் டெயனின் இசைக்கவையை எடுத்தார். டெயன் அதை முழங்காலில் மெல்லத் தட்டிக் காதோடு வைப்பான். அத்தான் பெஞ்சின் ஓரத்தில் ஓங்கி அடித்தார். சத்தம் கூரை வரை போனது.

பாடத் தொடங்கினார்.

கீழ்க்குரலுக்கு மெட்டு கிடையாது. இரண்டு மூன்று சுரங்களிலேயே நிற்கும், கொஞ்சம் இறங்கும், மறுபடி நிற்கும். நான் சிறு வயதிலிருந்து கேட்ட பாட்டு அது. அது என்ன பாட்டென்றே அன்று தெரியவில்லை. சுவர் இடிந்த பின் நிற்கும் அஸ்திவாரம் போல இருந்தது.

மூன்றாவது சரணத்தில் ஓரிடம் வரும். மேல்குரலும் கீழ்க்குரலும் நிற்க, நடுக்குரல் மட்டும் ஒரு வரி தனியாகப் போகும். அதற்குப் பிறகுதான் மற்ற இரண்டும் சேரும். அந்த இடம் வந்தபோது அக்காவின் உதடுகள் பிரிந்தன. முன்பெஞ்சுக்காரர்கள் தலை குனிந்தார்கள்.

அத்தான் நிற்கவில்லை. மூச்சுகூட விடாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டார். மிச்சத்தையும் வேகமாகப் பாடி முடித்து வந்து உட்கார்ந்தார். அக்கா வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

பாட்டெல்லாம் முடிந்து பக்கத்து அறையில் தேநீரும் பழ ரொட்டியும் கொடுத்தார்கள். டெக்வின் அத்தானுக்கு ஒரு கோப்பை கொண்டுவந்தார்.

“இந்தா. சூடா இருக்கு.”

அத்தான் அதைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

திரும்பும்போது காரை நான் ஓட்டினேன். அக்கா என் பக்கத்தில். அத்தான் பின்னால். பாலத்தைத் தாண்டினோம். பண்ணைக்கு ஏறும் பாதையில் அக்கா முன் கண்ணாடி வழியே பாதையைப் பார்த்தபடியே பேசினாள்.

“மூணாவது சரணத்துல நீ நிக்கல.”

நான் வேகத்தைக் குறைத்தேன். அவள் என்னிடம் பேசவில்லை.

“எலினெட்…”

“அவனோட வரி அது. அது முடியற வரைக்கும் நிக்கணும். நீ நிக்கல.”

“முடியலம்மா. அங்க ஒண்ணுமே கேக்கல.”

“எனக்குக் கேட்டுது. நீ அது மேல பாடிட்ட.”

பண்ணையின் கேட் வந்தது. இறங்கித் திறப்பது எப்போதும் டெயன்தான். அத்தான் இறங்கித் திறந்தார். நான் காரை உள்ளே விட்டு நிறுத்தினேன். அவர் கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்டது. ஏறிக்கொள்வார் என்று காத்திருந்தேன்.

அவர் காரைத் தாண்டி நடந்தார். விளக்கு வெளிச்சத்தில் அவருடைய முதுகு மேடேறிப் போனது.

“கூப்பிடவா அக்கா?”

அவள் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முதல் கியரிலேயே அவர் பின்னால் போனேன்.