ஆணிப் பலகைக்கு மலிவு ரம்பம்

“ஆணி கீற பலகைக்கு இன்னாத்துக்கு நல்ல ரம்பம்? நான் தீட்டிக் குடுக்க, நீங்க ஒடச்சிக்கினு வர. பாரிமுனையில மலிவு பிளேடு விக்கிது. மழுங்கிச்சின்னா தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டிக்கலாம்.”

“நெஜமாத்தான் சொல்றீங்களா?”

“பொய் சொல்லி எனக்கு இன்னா ஆவப்போவுது?”

இந்தப் பேச்சை நினைத்து நினைத்து இக்னேஷியஸ் மூன்று வாரமாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். ராயபுரத்தில் ரம்பத்துக்குப் பல் தீட்டும் கடை அவருடையது. கேட்டவள் டோரதி, கணவன் இறந்த பிறகு, துறைமுகத்துப் பழைய பலகைகளை அறுத்து இறால் பெட்டி செய்யும் பட்டறையைத் தானே நடத்துகிறவள். சனிக்கிழமைதோறும் வட்ட ரம்பத்தைச் சாக்கில் சுற்றி எடுத்து வருவாள். தீட்டி முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். மனைவியை இழந்த இக்னேஷியஸ் அதற்காகவே வெள்ளிக்கிழமை சவரம் செய்துகொள்வார். அவளிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று ஒரு வருடமாக எண்ணம். ஒவ்வொரு தடவையும் ரம்பத்தை மட்டும் கொடுத்தனுப்பிவிடுவார். இப்போது அதற்கும் வழியில்லை.

“வர்றவள வராதன்னு நீயே சொல்லிட்டு, மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீற” என்றாள் அக்கா வியாகுலம்மாள், கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் சோறு போட்டபடி.

“நாயத்ததான சொன்னேன்.”

“அப்ப கொழம்பு இன்னாத்துக்கு? நாயத்தையே ஊத்திக்கினு துன்னு.”

அந்தச் சனிக்கிழமை டோரதி சாக்கோடு வந்து நின்றாள். பிரித்தால், உள்ளே மலிவு பிளேடு. பல்லெல்லாம் மொட்டையாகியிருந்தது.

“இதத் தீட்டணும்.”

இக்னேஷியஸ் விரலால் தடவிப் பார்த்தார். “இதத் தீட்டற கூலிக்குப் புதுசே வாங்கிடலாம்.” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“தெரியும்.”

“பின்ன?”

“புதுசும் மாட்டியாச்சு. நீங்க சொன்ன மாதிரியே வேலை நல்லா ஓடுது.” டோரதி பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “சனிக்கெழமதான் ஓட மாட்டேங்குது.”

உள்ளே பாத்திரம் துலக்கும் சத்தம் சட்டென்று நின்றது.

இக்னேஷியஸ் அரத்தைக் கையில் எடுத்தார். கீழே வைத்தார். இரும்புத்தூள் ஒட்டிய கையை, துவைத்த வேட்டி என்பதையும் மறந்து, அதிலேயே துடைத்தார்.

“டோரதி, ஞாயித்துக்கெழம சர்ச்சு பூசையில நம்ம ரெண்டு பேருக்கும் கல்யாணம்னு ஓலை வாசிக்கச் சொல்லி சாமியாராண்ட கேக்கட்டுமா?”