பண்டமாரான் வீட்டுக்கு நாற்பது வருட ஜன்னல்

கடைக்கு யார் வந்தாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "இந்த வீட்டுல எத்தனை வருஷம் இருக்கப் போறீங்க?" பலருக்கு எரிச்சல் வரும். ஜன்னல் வாங்க வந்தால் ஜாதகம் கேட்கிறானே என்று முறைப்பார்கள். முறைக்கட்டும். விலையை வருஷத்தால் வகுத்துப் பார்க்கத் தெரியாதவன் மலிவாக வாங்கிவிட்டோம் என்று துள்ளிக் குதிப்பான், பிறகு என்னையே திட்டிக்கொண்டு திரும்பி வருவான். கிள்ளான் துறைமுகப் பட்டணத்தில் இத்தனை காலம் ஜன்னல் கடை நடத்திய எனக்கு மனுஷர்களைப் பற்றிப் பெரிய மரியாதை ஒன்றும் மிச்சமில்லை.

பெர்னிஸ் மட்டும் முறைக்கவில்லை. "சாகுற வரைக்கும், அண்ணே," என்று சிரித்தாள்.

ஐம்பதைத் தாண்டியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துறைமுகத்தில் ஒரு லோரி கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணி வேலை. பண்டமாரானில் அம்மாவுக்குச் சொந்தமான வீட்டில் அவரோடு இருந்தாள். தம்பி கெல்வின் பிரிக்ஃபீல்ட்ஸில் அடுக்குமாடிக் கொண்டோ வாங்கிக் குடும்பத்தோடு போய்விட்டான். அம்மாவைக் குளிப்பாட்டுவதும் கோயிலுக்கு அழைத்துப் போவதும் இவள்தான். "எனக்குப் பிறகு நீதானே இங்க இருக்கப் போறே," என்று அம்மா பல முறை சொல்லியிருக்கிறாராம். அதை நம்பித்தான் இபிஎஃப் சேமிப்புப் பணத்தை எடுத்து ஜன்னல் மாற்ற வந்திருந்தாள்.

என்னிடம் வருவதற்கு முன்னால் நாலைந்து கடை ஏறி இறங்கியிருந்தாள். நானும் மறைக்காமல் சொன்னேன். மரம் பார்க்க லட்சணமாக இருக்கும், கரையானும் அப்படித்தான் நினைக்கும். இரும்பு கடல் காற்றில் சீக்கிரமே துருவை ஒழுக விட்டுச் சுவரையும் கெடுக்கும். அலுமினியம் பரவாயில்லை, ஆனால் உப்புக்காற்றில் மேல்பூச்சு கொப்புளித்து வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். இருபது வருஷம் ஓட்டலாம். யுபிவிசி என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கை உப்பும் தொடாது, கரையானும் தொடாது, அது பெயின்டும் கேட்காது. விலை அலுமினியத்தைப் போல இரண்டு பங்கு, ஆனால் நாற்பது வருஷம் நிற்கும்.

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "அலுமினியம் போட்டா எழுபது வயசுல திரும்ப மாத்தணும். அப்ப எனக்கு யாரு சம்பாரிச்சுக் குடுப்பா? ஒரே தடவையா யுபிவிசியே போட்டுடுங்கண்ணே. அம்மா ரூமுக்கு முதல்ல. அந்தப் பக்கம்தான் மழை அடிக்கும், அவங்களுக்கு இளைப்பு வேற."

நல்ல மகள் என்று நினைத்துக்கொண்டேன். நான் அப்படி நினைப்பது அபூர்வம்.

ஒரு சனிக்கிழமை காலை லோரியில் ஜன்னல்களை ஏற்றிக்கொண்டு என் வங்காளதேசத்து ஆட்கள் இருவரோடு போனேன். அம்மாவின் அறையில் கட்டில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரோரம் போடப்பட்டிருந்தது. சாரல் படாமல் இருக்க எப்போதும் அங்கேதான் கிடக்குமாம். கரையான் தின்ற பழைய மரச்சட்டத்தில் கடப்பாரையை வைத்ததும் அது ஊறின ரொட்டி போல உதிர்ந்து விழுந்தது. சுவரில் பெரிய ஓட்டை. வெளியே வானம் மூடிக்கொண்டு வந்தது.

பெர்னிஸின் அம்மா மகதலேனா ஆன்டி ஹாலில் சோபாவில் உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்கியவர். இளைப்பு இருந்தாலும் குரலைக் கேட்டால் என் ஆயுளையும் சேர்த்து வாங்கிக்கொள்வார் போலிருந்தது.

"இது எத்தன வருஷம் தாங்கும் தம்பி?" என்று கேட்டார்.

"நாப்பது வருஷம் ஆன்டி," என்றேன் பெருமையாக.

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நாப்பது வருஷமா? நான் போன மறுமாசமே கெல்வின் வீட்ட வித்துடுவான். யாரு இருந்து பாக்கப் போறா?"

பெர்னிஸ் எங்களுக்குக் கோப்பித் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். அப்படியே நின்றாள். "என்னம்மா சொல்றீங்க?"

"வீட்டத்தான் போன வருஷமே அவன் பேருக்கு மாத்திக் குடுத்துட்டேனே. ஆம்பளப் பிள்ள. பொண்டாட்டி பிள்ளைங்க இருக்கு. உனக்கு யாரு இருக்கா?"

"நான் ஜன்னலுக்குக் கடை கடையா அலைஞ்சப்ப ஏம்மா ஒரு வார்த்த சொல்லல?"

"நீயா ஆசப்பட்டே, நான் ஏன் தடுக்கணும்? புது ஜன்னல்னா வீடு நல்ல விலைக்குப் போகும்னு கெல்வினும் சொன்னான் லா." என் பக்கம் திரும்பினார். "நல்ல சாமான்தானே போட்டிருக்கீங்க தம்பி?"

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். சொன்னவன் இந்த வீட்டுப் பக்கம் வந்ததில்லை. அம்மாவும் தம்பியும் சேர்ந்து அவள் தலையில் நிதானமாக மிளகாய் அரைத்திருக்கிறார்கள்.

அவள் கோப்பியைச் சிந்தாமல் எங்களுக்குக் கொடுத்தாள். பிறகு என்னை அம்மாவின் அறைக்குக் கூப்பிட்டாள்.

"இதெல்லாம் திருப்பிக் கொண்டு போங்கண்ணே."

"இந்த வீட்டு அளவுக்கு வெட்டினதும்மா. வேற எங்கயும் பொருந்தாது. காசு திருப்பித் தர முடியாது." கொஞ்சம் தயங்கியாவது சொல்லியிருக்கலாம். வியாபாரி வாய், முந்திக்கொண்டது.

"காசு கேக்கல. மீதியையும் தரேன். கொண்டுபோய் உடைச்சுப் போடுங்க. மத்த ரூமுக்குப் பழசே இருக்கட்டும்."

"அப்ப இந்த ஓட்டைய என்ன பண்றது?"

அவள் ஓட்டையைப் பார்த்தாள். முதல் தூறல் உள்ளே விழத் தொடங்கியிருந்தது. "உங்ககிட்ட இருக்கறதுலயே சீக்கிரம் கெட்டுப் போறது எது?"

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கண்ணாடி ஆடாமல் அண்டை கொடுக்க லோரியில் ஒரு பழைய பிளைவுட் பலகை வைத்திருந்தேன். "பிளைவுட்தான். பெயின்ட் அடிக்காம விட்டா ஒரு மழைக்காலம். அதுக்குள்ள ஊறி உப்பி, தண்ணிய உள்ள விட ஆரம்பிச்சுடும்."

"அத அடிங்க."

"இந்தப் பக்கம்தான் மழை அடிக்கும்மா. அவங்களுக்கு இளைப்புன்னு..."

"தெரியும்ணே. நான்தானே உங்ககிட்ட சொன்னேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இருந்தாலும் ஆட்களுக்குக் கை காட்டினேன். குடும்பச் சண்டையில் நுழைந்தால் அடுத்த வேலைக்கு நேரத்தில் போய்ச் சேர முடியாது. அவர்கள் பலகையை நிறுத்தி நாலு மூலையிலும் ஆணி அடித்தார்கள். பட்டப்பகலில் அறை இருண்டு போயிற்று.

சத்தம் கேட்டு ஆன்டி கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். இருட்டில் தடுமாறிக் கதவைப் பிடித்துக்கொண்டார். "என்னது இது, பலகைய அடிச்சு வெச்சிருக்கீங்க? கண்ணாடி எங்க? இது எத்தன வருஷம் தாங்கும்?"

நான் பெர்னிஸைப் பார்த்தேன். அவள் அம்மாவின் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க காலத்துக்குத் தாங்கும்மா," என்றாள்.

பிறகு கட்டிலை எதிர்ச்சுவரிலிருந்து இழுத்து வந்து, தலைமாடு பலகைக்கு நேர் கீழே வரும்படி போட்டு, தலையணையைத் தட்டி வைத்தாள்.