மாணவி ஒன்று, துணை ஒன்று

அந்தப் பெண்கள் கல்லூரி விடுதியில் நாற்பத்தொரு விதிகள் இருந்தன. கல்லூரிக்கு வயது இரண்டுதான். தங்கிப் படிக்கிற பெண்கள் பத்தொன்பது பேர். ஆளுக்கு இரண்டு விதி என்று பங்கு போட்டுக் கொடுத்தாலும் மூன்று மிஞ்சும். காலை ஐந்தரைக்கு எழ வேண்டும். தெருப்பக்கத்து ஜன்னலை மாலையில் திறக்கக் கூடாது. மாடிப்படியில் ஒவ்வொரு படியாகத்தான் இறங்க வேண்டும். சிரிக்கலாம், ஆனால் சிரிப்பு அறை வாசலைத் தாண்டக் கூடாது. வாசல்வரை வந்துவிட்ட சிரிப்பை எப்படித் திருப்பி அனுப்புவது என்று மட்டும் எழுதவில்லை. இத்தனையையும் எழுதியவள் விடுதித் தலைவி. வந்த கடிதங்களையெல்லாம் முதலில் பிரித்துப் படிப்பதும் அவள்தான். அதுவும் ஒரு விதி.

நமக்கு வேண்டியது பதினேழும் பதினெட்டும். எதிர்த்தெருவில் இருந்த ஆண்கள் கல்லூரிக்குப் பாடம் கேட்கப் போகிறவள் துணையில்லாமல் போகக் கூடாது. இது பதினேழு. துணைக்குப் போகிறவள் முப்பது வயதைத் தாண்டியிருக்க வேண்டும், கடைசி வரிசையில் உட்கார வேண்டும், கையில் கைவேலை இருக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. இது பதினெட்டு.

அப்படிப் போய்வந்தவள் தலைவியின் கூடப்பிறந்த தங்கை. பெண்கள் அவளைத் துணையம்மா என்றார்கள். நாற்பது வயது. விடுதியின் துணி அறை அவள் பொறுப்பு. விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் வெளுத்து, நீலம் போட்டு, காயவைத்து, மடித்து அடுக்குவாள். அவள் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. அம்மா படுத்த படுக்கையானபோது இரண்டு பெண்களில் ஒருத்தி வீட்டில் இருந்தாக வேண்டும் என்றார்கள். பெரியவள் நன்றாகப் படிப்பாள், சின்னவள் நன்றாகத் துவைப்பாள் என்று பேச்சு முடிந்தது. சின்னவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரசாயனம் படிக்க முன்வந்தவள் பத்தொன்பது பேரில் ஒருத்திதான். பெயர் எதுவாக இருந்தால் என்ன, எல்லோருக்கும் அவள் அவசரம். படி இறங்கும்போது மூன்று மூன்றாகத் தாண்டுவாள், விதியை எட்டு எட்டாகத் தாண்டுவாள். வாரத்தில் மூன்று நாள் காலை பத்து மணிக்கு அவசரமும் துணையம்மாவும் வாசலுக்கு வருவார்கள். கேட்டுக்காரர் நோட்டை விரித்து, ‘மாணவி ஒன்று, துணை ஒன்று’ என்று எழுதிவிட்டுக் கதவைத் திறப்பார்.

முதல் வாரம் துணையம்மா ஒழுங்காகக் காலுறை பின்னினாள். இரண்டாவது வாரம் பேராசிரியர் நிறமில்லாத இரண்டு தண்ணீரை ஒன்றாக ஊற்றினார், கண்ணாடிக்குள் பால் மாதிரி வெள்ளை இறங்கியது. துணையம்மாவின் ஊசி நின்றது. அதற்குப் பிறகு கை பின்னிக்கொண்டிருந்ததே தவிர, கண் கரும்பலகையை விட்டு நகரவில்லை. குதிகால் திருப்ப வேண்டிய இடத்தைக் கை எப்போதோ கடந்துவிட்டது. ஆறு மாதத்தில் காலுறை இரண்டு முழம் நீண்டு, இன்னும் குதிகாலைக் காணோம். யானைக்குப் பின்னுகிறீர்களா என்று பெண்கள் கேட்டார்கள். யானைக்கு நாலு வேண்டுமே, இப்போதுதான் ஒன்று ஆரம்பித்திருக்கிறேன் என்றாள். உள்ளுக்குள் அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். துணி அறையில் சோடாவையும் சவுக்காரத்தையும் கலக்கும்போதெல்லாம், உனக்குள் என்ன இருக்கிறது என்று அவற்றையே கேட்டாள்.

வருடக் கடைசியில் பேராசிரியர் ஒவ்வொரு மேசைக்கும் எண் மட்டும் ஒட்டிய ஒரு குப்பி கொடுத்தார். உள்ளே பெயர் தெரியாத உப்பு. அது என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும். விடை எழுத இரண்டு தடவைதான் வாய்ப்பு. கண்டுபிடிக்காதவர்களுக்குத் தேர்வு கிடையாது. அவசரத்துக்கு ஒன்பதாம் குப்பி வந்தது. உப்பின் ஒரு பாதி நைட்ரேட் என்று அவள் இரண்டே நாளில் பிடித்துவிட்டாள். மறுபாதிக்கு, கம்பி நுனியில் உப்பைத் தொட்டுச் சுடரில் காட்டினாள். சுடர் பளிச்சென்று மஞ்சளானது. மஞ்சள் என்றால் சோடியம் என்று எழுதி, மை காயுமுன் நீட்டினாள். பேராசிரியர் சிவப்புப் பென்சிலால் குறுக்கே கோடு போட்டார்.

கடைசி வரிசையில் துணையம்மா துடித்துக்கொண்டிருந்தாள். மஞ்சளின் ஓரத்தில், கண் சிமிட்டும் நேரம், வேறு ஒரு நிறத்தை அவள் பார்த்திருந்தாள். வெள்ளை விரிப்பில் கரையைத் தேடித் தேடிப் பழகிய கண் அது. ஆனால் பதினெட்டாம் விதி வாயில் பூட்டுப் போட்டிருந்தது. தெருவுக்கு வந்ததும் சொன்னாள். அடுத்த வகுப்பில் மறுபடி பார்ப்போம் என்று அவசரம் குதித்தாள். அடுத்த வகுப்பு வருமுன் அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, இரண்டு கன்னமும் உப்பி, நோயறையில் கதவைச் சாத்திப் படுக்க வைத்துவிட்டார்கள்.

புதன்கிழமை தலைவி தன் அறையில் ஒரு கடிதத்தைப் பிரித்தாள். தங்கை அப்போது விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். ஆண்கள் கல்லூரி ஆய்வுக்கூட எழுத்தர் எழுதியிருந்தார். ஒன்பதாம் குப்பிக்கு விடை வரவில்லை. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் மாணவியோ அவருடைய துணையோ வந்து சோதனையை முடிக்க வேண்டும். தவறினால் இருவர் பெயரும் தேர்வுப் பட்டியலிலிருந்து அடிக்கப்படும்.

"இருவரா? எந்த இருவர்?" என்றாள் தலைவி.

தங்கை நினைவுபடுத்திச் சொல்லச் சொல்ல, விஷயம் மெல்லத்தான் விளங்கியது. அந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரு மேசைக்கு இரண்டு பேர். ஒருவருக்கு ஒருவர் துணை, சேர்ந்துதான் சோதனை செய்வார்கள். முதல் நாள் எழுத்தர் அவசரத்திடம், உன் துணை யார் என்று கேட்டிருக்கிறார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பின்வரிசையைக் கை காட்டியிருக்கிறாள். எழுத்தரும் கடைசி வரிசைக்குப் போய்ப் பெயர் கேட்டு எழுதிக்கொண்டார். காவலுக்கு வந்தவளின் பெயரைக் குறிக்கிறார் என்றுதான் துணையம்மா நினைத்தாள். இப்போது பார்த்தால் ஒரு வருடமாக அவள் அந்தக் கல்லூரி ஏட்டில் மாணவி. ஒரு வகுப்பு தவறாமல் வந்த மாணவி.

தலைவி பேனாவை எடுத்தாள். தவறாக எழுதிவிட்டார்கள், திருத்தச் சொல்லி உடனே எழுதுகிறேன் என்றாள்.

"திருத்தாதே அக்கா."

தலைவி நிமிர்ந்தாள். இந்தத் தங்கை வாய்விட்டு எதையும் கேட்டு அவள் பார்த்ததில்லை.

"வெள்ளிக்கிழமை நான் போறேன். அந்தக் குழந்தையோட ஒரு வருஷப் படிப்பு வீணாப் போயிடும். அது மட்டும் இல்ல. அந்தக் குப்பியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். ராவெல்லாம் தூக்கம் வரல எனக்கு."

"நீ மாணவியாப் போறதா இருந்தா, உனக்கு ஒரு துணை வேணும். பதினேழாம் விதி."

"சரி, முப்பது வயசு தாண்டினவங்க இங்க யார் இருக்கா? சமையக்காரம்மா இருக்காங்க, அவங்க அடுப்பை விட்டு வர முடியாது. அப்புறம் நீ இருக்கே."

தான் வெட்டிய குழி என்பார்களே, அதன் விளிம்பில் தலைவி நின்றாள். தனக்கு ஆயிரம் வேலை இருக்கிறது என்றாள். தலைவியே துணைக்குப் போனால் ஊர் சிரிக்கும் என்றாள். தங்கை கையிலிருந்த விரிப்பை மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"அஞ்சாம் கிளாஸ்ல என்னை நிறுத்தினப்போ யாரும் என்னைக் கேக்கல. நீயும் கேக்கல. இப்ப நான் கேக்கறேன்."

முப்பது வருடமாக இந்த வார்த்தைக்குப் பயந்துதான் தங்கையின் முகத்தை நேராகப் பார்க்காமல் இருந்தோம் என்று அப்போதுதான் தலைவிக்கே தெரிந்தது. அவள் பேனாவை மூடி வைத்தாள். எழுத எடுத்த தாளை நான்காகக் கிழித்தாள். கைவேலைக்கு என்ன செய்வது என்று மட்டும் கேட்டாள். தங்கை ஓடிப்போய் அந்த நீளக் காலுறையைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஆய்வுக்கூடத்தில் ஐம்பத்திரண்டு ஆண்களும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்தினார்கள். ஒன்பதாம் மேசையில் துணையம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். கம்பியை உப்பில் தொட்டுச் சுடரில் நீட்டினாள். மஞ்சள். மறுபடி தொட்டாள். மறுபடி மஞ்சள், ஓரத்தில் அந்தத் திருட்டு நிறம் எட்டிப் பார்த்து ஓடியது. பக்கத்து மேசையில் ஒருவன் களுக்கென்றான்.

மஞ்சள் மறைக்கிறது. அதை எப்படி விலக்குவது? வெள்ளை விரிப்பில் மஞ்சள் ஏறினால் என்ன செய்வோம்? கேள்வி முடியுமுன் பதில் வந்துவிட்டது. வீட்டிலும் விடுதியிலுமாக முப்பது வருடமாக வாரம் இரண்டு தடவை செய்கிற வேலை அது. நீலம் போடுவோம். நீலம் வந்தால் மஞ்சள் இருந்த இடம் தெரியாது. சுடருக்கு நீலம் போட முடியாது, ஆனால் கண்ணுக்குப் போடலாமே.

வாயைத் திறக்கப் போனவள் பழக்கத்தில் நிறுத்தினாள். பிறகு நினைவு வந்தது. பதினெட்டாம் விதி துணைக்குத்தான். இன்றைக்கு அவள் துணை இல்லை.

"ஐயா, நீலக் கண்ணாடித் துண்டு இருக்குமா?"

பேராசிரியர் மேசை இழுப்பறையின் அடியிலிருந்து உள்ளங்கையளவு கருநீலக் கண்ணாடியை எடுத்து வந்தார். எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள் என்று கேட்டார். புத்தகமில்லை, விரிப்புக்குப் போடுகிற நீலம்தான் என்றாள். கண்ணாடியைக் கண்ணருகே பிடித்துக் கம்பியை நீட்டினாள். மஞ்சள் அடியோடு காணாமல் போய், சுடர் முழுக்க இளம் ஊதா நிறம் எழுந்து நின்றது. ஆறு மாதத்துக்கு முன் கரும்பலகையில் பார்த்தது, ஒரு எழுத்து மறக்கவில்லை.

"பொட்டாசியம். இன்னொரு பாதி நைட்ரேட். அப்போ இது வெடியுப்பு."

கூடத்தின் கடைசி வரிசையில் ஊசிகள் கலகலவென்று தரையில் விழுந்தன. கூடவே, அறை வாசலை நிச்சயம் தாண்டிப் போன ஒரு சிரிப்புச் சத்தம். எல்லோரும் திரும்பினார்கள். தலைவி குனிந்து ஊசியைத் தேடினாள், அல்லது தேடுவதுபோல் முகத்தை மறைத்தாள். பேராசிரியர் நீலப் பென்சிலால் சரி போட்டு, திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை தேர்வு, இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்றார்.

விடுதிக்குத் திரும்பியதும் துணையம்மா படியை இரண்டு இரண்டாகத் தாண்டி ஏறி, நோயறை ஜன்னல் வழியாக விஷயத்தைச் சொன்னாள். அவசரம் வீங்கிய கன்னத்தோடு சிரிக்கப் பார்த்து, வலி தாங்காமல் அழுது, அழுகையோடு மறுபடி சிரித்தாள். தலைவி படிக்கட்டின் கீழே நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். எந்த விதியின் எண்ணையும் சொல்லவில்லை.

தேர்வு நாள் காலை மூன்று பேர் வாசலுக்கு வந்தார்கள். அவசரத்தின் கன்னம் வடிந்திருந்தது. துணையம்மாவின் கையில் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பேனா. தலைவியின் கையில் காலுறை. பத்து நாளில் அவள் அதைப் பிரித்து, அளவாக்கி, குதிகாலும் திருப்பியிருந்தாள், கொஞ்சம் கோணலாக. கேட்டுக்காரர் நோட்டை விரித்து, தலைவியைப் பார்த்ததும் எழுந்து நின்றார். என்ன எழுத என்று தயங்கினார்.

"மாணவி ரெண்டு, துணை ஒண்ணு" என்றாள் தலைவி.

அவர் எழுதினார். எழுதிவிட்டுத் தலையைச் சொறிந்தார். ஒரு மாணவியைத் தெரிகிறது, இன்னொரு மாணவி யார் என்று கேட்டார்.

"என் தங்கச்சி" என்றாள் அவள். "கதவைத் திறங்க, நேரமாகுது."