ஆரஞ்சு வரலாம், சிவப்பு கூடாது

ஞாயிறு மாலை, மணி மூன்று ஐம்பது. இன்னும் பத்தே நிமிடத்தில் தீர்ப்பு.

கூடத்தில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே செடிகளுக்கு நடுவே ஐந்து ஏஞ்சல் மீன்கள். தொட்டிக்கு இந்தப் பக்கம் லிஃப்ட் மெக்கானிக். அந்தப் பக்கம், கையில் காலி பக்கெட்டோடு அவனுடைய மச்சான்.

"மாமா, மீனுங்ககிட்ட கடைசியா ஏதாவது பேசணும்னா இப்பவே பேசிக்கங்க. நாலரைக்கெல்லாம் அதுங்க எங்க வீட்ல இருக்கும்."

"பக்கெட்டைக் கீழ வை மச்சான். கை வலிக்கப் போகுது."

விவகாரம் இதுதான். மூன்று மாதமாகத் தொட்டியில் நைட்ரேட் ஏறிக்கொண்டே போனது. மீன் போடும் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அழுகி, கடைசியில் நைட்ரேட்டாகத்தான் தண்ணீரில் தங்கும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அளவு மீறினால் மீன் துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கிவிடும். ஏழாக இருந்தவை ஐந்தானது அப்படித்தான்.

மெக்கானிக்கின் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஒரு எண் தப்பினால் அவளுக்குச் சோறு இறங்காது. போன ஞாயிறு சோதனையில், நைட்ரேட் அளவு மீறியதற்கு அடையாளமாகச் சிவப்பு வந்ததுமே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஒரு வாரம் டைம். அடுத்த ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நானே டெஸ்ட் பண்ணுவேன். ஆரஞ்சு வரலாம், சிவப்பு கூடாது. வந்துச்சுன்னா தொட்டி என் தம்பி வீட்டுக்கு. வாயில்லா ஜீவனைச் சாகடிக்கவா வாங்கினோம்?"

என்ன செய்ய வேண்டும் என்று மெக்கானிக்குக்குத் தெரியும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். செய்தானா? இல்லை. அந்த வாரம் பார்த்து ஊரிலுள்ள லிஃப்ட்டெல்லாம் சொல்லிவைத்தாற்போல் நடு மாடியில் நின்றன. ஏழு நாளில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மாற்றவில்லை.

ஆகவே அவன் சட்டைப் பைக்குள் இப்போது ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் ஒளிந்திருந்தது. அதற்குள் பாத்ரூமில் பிடித்த பளிங்குத் தண்ணீர்.

நான்கு மணி. மனைவி கையுறையோடு வந்தாள். அதே மாதிரி ஒரு காலிக் குழாயை நீட்டினாள்.

"அஞ்சு மில்லி. மொண்டு குடுங்க."

மெக்கானிக் தொட்டிக்குள் கையை விட்டான். அடுத்த கணம் அலறினான்.

"மச்சான்! தலைக்கு மேல பல்லி!"

மச்சான் குதித்த குதியில் பக்கெட் உருண்டது. அக்கா அண்ணாந்து பார்த்தாள். ஒரே ஒரு விநாடி. லிஃப்ட் இடுக்கில் நட்டு கழற்றிப் பழகிய விரல்களுக்கு அது தாராளம்.

"எங்கங்க பல்லி?"

"ஓடிப் போச்சு. இந்தா, தண்ணி."

சோதனை மருந்து இரண்டு புட்டி. முதல் புட்டியிலிருந்து பத்துச் சொட்டு. இரண்டாவது புட்டியில்தான் சூட்சுமம்: மருந்து அடியில் மண்டிக் கிடக்கும், குலுக்காமல் விட்டால் சிவக்க வேண்டிய தண்ணீரும் மஞ்சள் என்று பொய் சொல்லும். அவள் முழுசாக அரை நிமிடம் குலுக்கினாள். வளையல்கள் கதறின. பத்துச் சொட்டு விட்டு, குழாயை மூடி மறுபடி குலுக்கி, மேஜைமேல் நிறுத்தினாள்.

"அஞ்சு நிமிஷம்."

மெக்கானிக் சிரிப்பை அடக்க இருமினான்.

முதல் நிமிடம் மஞ்சள். "பாத்தியா மச்சான்?" இரண்டாவது நிமிடம் ஆரஞ்சு. இருமல் நின்றது. நான்காவது நிமிடம்...

சிவப்பு. ரத்தச் சிவப்பு.

"முடியவே முடியாது!" மெக்கானிக் துள்ளி எழுந்தான். "பாத்ரூம் தண்ணி எப்படிச் சிவப்பாகும்?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது.

"என்ன தண்ணி?" என்றாள் மனைவி, மெதுவாக.

மச்சான் பாய்ந்து வந்து மாமாவின் சட்டைப் பையில் கைவிட்டு, காலிக் குழாயை உருவினான். "அக்கா, பச்சைத் துரோகம்! பல்லியும் இல்ல, ஒண்ணும் இல்ல!"

அக்கா அவனைக் கவனிக்கவில்லை. நேரே பாத்ரூமுக்குப் போனாள். தன் கையாலேயே தண்ணீர் பிடித்து, தன் கையாலேயே சோதித்தாள். ஐந்து நிமிடம். அதே சிவப்பு.

"ஏங்க, நம்ம பில்டிங்குக்குப் புது போர் போட்டு எவ்வளவு நாளாச்சு?"

"மூணு மாசம்..." மெக்கானிக்கின் குரல் தேய்ந்தது.

"அந்தத் தண்ணியிலயே நைட்ரேட் இருக்கு. குடிக்கறதுக்கு நமக்கு ஃபில்டர் இருக்கு. மீனுக்கு இந்தத் தண்ணியத்தான் வாரா வாரம் ஊத்தியிருக்கீங்க. சுத்தம் பண்றேன்னு விஷம் வச்சிருக்கீங்க."

"அதெல்லாம் இருக்கட்டும்," மச்சான் விடவில்லை. "தொட்டித் தண்ணிய இன்னும் டெஸ்ட் பண்ணவே இல்லியே? பேச்சு தொட்டிக்குத்தானே?"

நியாயம். அக்காவே மொண்டாள், குலுக்கினாள். ஐந்து நிமிடம் மூன்று தலைகளும் அந்தக் குழாயின்மேல் கவிழ்ந்து கிடந்தன.

ஆரஞ்சு. சுத்தமான ஆரஞ்சு.

"எப்படி?" என்றான் மெக்கானிக், மயக்கம் வராத குறையாக.

"இந்த வாரம் தண்ணி மாத்தினீங்களா?"

"...இல்ல."

"அதான். புதுசா எதுவும் உள்ள போகல. இருந்ததைச் செடிங்க தின்னிருக்கு."

"அப்ப நான் ஜெயிச்சிட்டேனா?"

"நீங்க இல்ல, உங்க சோம்பேறித்தனம். பேசாம இருந்திருந்தா கௌரவமா ஜெயிச்சிருக்கலாம்."

"அக்கா, ஏமாத்தினவருக்கா தொட்டி?"

"பக்கத்து பிளாக்ல உனக்கு மட்டும் என்ன, பன்னீரா வருது? அதே போர்தானேடா?"

மச்சான் உருண்டு கிடந்த பக்கெட்டை நிமிர்த்தி வைத்தான். அவள் தீர்ப்பைச் சொன்னாள்.

"தொட்டி இங்கயே இருக்கும். இனிமே ஃபில்டர் தண்ணி பாதி, குழாய்த் தண்ணி பாதி. வாரா வாரம் டெஸ்ட். ஆனா உங்களை நம்ப முடியாது. சாம்பிள் எடுக்கறது என் தம்பி. சிவப்பு வந்தா தொட்டி அவனுக்கு."

"அவனா?" மெக்கானிக் பதறினான். "ஐயையோ, இவன் பாத்ரூம் தண்ணியப் பிடிச்சு வச்சுக்கிட்டு, தொட்டித் தண்ணின்னு நீட்டிடுவானே!"

மச்சானின் முகம் மெல்ல மலர்ந்தது.

"அட! இது எனக்குத் தோணவே இல்லியே மாமா!"